எண்பத்தெட்டு விரலும் சொச்சமும்

பாஸ்கா ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை காலையில் நத்தைக்குடாக் கரையில் ஒரு துண்டுக் கயிறு ஒதுங்கிக் கிடந்தது. நாரும் இல்லாமல் நைலானும் இல்லாமல், நனைந்த மணலின் நிறத்தில், இரண்டு முனையும் பிரியாமல் இருந்தது. சம்மாட்டி தஸ்நேவிஸ் அதைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் கரைவலையில் மீன் சேரும் பையான மடியைக் கட்டும் கயிறு நைந்துபோயிருந்ததால், இதையே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வலையோடு எதைச் சேர்த்தாலும் அளந்துதான் சேர்க்க வேண்டும் என்பது அந்தக் கரையின் முறை. அளப்பதும் மீனை எண்ணுவதும் நாற்பத்திரண்டு வருடமாகக் கித்தேரியின் வேலை.

கித்தேரிக்கு அறுபத்தொரு வயது, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஒரு நாளைக்கு அவள் வாயிலிருந்து வரும் சொற்களில் பாதிக்கு மேல் எண்களாகவே இருக்கும். சந்தியாகப்பர் கோயிலின் பின்சுவரில் அடித்த இரண்டு இரும்பு ஆணிகளுக்கு இடையே உள்ள தூரம்தான் ஊருக்கு ஒரு பாகம் என்ற நீள அளவு. அந்தப் பாகத்தைத் தொண்ணூற்றாறு விரலாகக் கோடு போட்ட ஒரு பனஞ்சட்டமும் அங்கேயே தொங்கும். அவள் கயிற்றை ஆணிக்கு ஆணி நீட்டி அளந்தாள். இரண்டு பாகம், எண்பத்தெட்டு விரல். கயிற்றின் முனை எண்பத்தெட்டாவது கோட்டில் நிற்காமல் கொஞ்சம் தாண்டி நின்றதால், நோட்டில் ‘சொச்சம்’ என்றும் எழுதினாள். தாண்டி நின்றதை நின்றதாகத்தானே எழுத வேண்டும்.

அன்று வலையில் வழக்கம்போல் சாளை கூடை கூடையாக வந்தது. அதோடு இரண்டு பெரிய பாரை மீனும் வந்தன.

மறுநாள் காலையில் அந்தக் கயிறு மூன்று பாகமும் எண்பதரை விரலும் இருந்தது. கயிறு வளர்ந்ததற்காக யாரும் வேலையை நிறுத்தவில்லை. கடலில் கிடப்பது ஊறும், வெயிலில் கிடப்பது சுருங்கும், இது வளர்கிறது, அவ்வளவுதான் என்று அதைச் சுருட்டிக் கடலுக்குப் போகும் வல்லத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். அன்று மூன்று பாரை. வியாழக்கிழமை கயிறு ஐந்து பாகமும் ஐம்பது விரலும், ஐந்து பாரை. வெள்ளிக்கிழமை ஏழு, சனிக்கிழமை பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை வலை இல்லை; கயிறும் பூசைக்குப் போனதுபோல் வளராமல் கிடந்தது. திங்கட்கிழமை பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை பதினேழு.

ஊரை அசைத்தது கயிறு அல்ல, வரிசைதான். நத்தைக்குடாவில் பெரிய மீனை மணலில் வரிசையாகப் போட்டுத்தான் பங்கு வைப்பார்கள். எத்தனை வரிசை என்பது முக்கியமில்லை. எல்லா வரிசையும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், ஒற்றை மீன் வரிசையாகாது, ஒரே வரிசை பங்காகாது. பன்னிரண்டு வந்தால் மூன்று நாலாகப் போடலாம், ஒன்பது வந்தால் மூன்று மூன்றாகப் போடலாம். ஒரு வரிசையை ஒரு தெரு எடுத்துக்கொள்ளும், வரிசை கிடைக்காத தெருவுக்கு மறுநாள் முறை. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ வரிசை சேராமல் போகும். அன்றைய மீனைக் கோயில் வாசலில் போட்டுவிடுவார்கள். இப்போதோ தொடர்ந்து ஏழு நாள் சேரவில்லை. இரண்டிரண்டாகப் போட்டால் ஒன்று மிஞ்சியது, மூன்று மூன்றாகப் போட்டால் ஒன்றோ இரண்டோ மிஞ்சியது. வரிசை போடுகிறவர்கள் மணலில் முழங்கால் தேய நகர்ந்து நகர்ந்து மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கித்தேரியின் கையைப் பார்த்தார்கள்.

புதன்கிழமை பத்தொன்பது வந்தபோது சம்மாட்டியின் மருமகன் ரெமிஜியுஸ் வாய்விட்டே கேட்டான்.

“பெரியம்ம, எட்டு நாளா ஒண்ணே ஒண்ணு இடிக்குது. அந்த ஒண்ணு கடல்லயே நிக்குதா, இல்ல எண்ணுற கையில ஒட்டுதா?”

“ஏலே, ஒட்டுறதுக்கு அவ கையில கோந்தா தடவி வச்சிருக்கா?” என்றாள் கருவாடு காயப்போடும் சலேத்தம்மாள். “பாரை ஒண்ணு ஒன்றர முழம். அத எங்கன ஒளிப்பா, கொண்டைக்குள்ளயா?”

எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் சிரித்து முடித்த பிறகும் யாரும் கலைந்து போகவில்லை. சம்மாட்டி தலையைச் சொறிந்துகொண்டு, “கித்தேரி, நான் ஒன்னயச் சந்தேகப்படல. ஆனா ஊரு பேசுது. இன்னும் ரெண்டு நாள் பாப்பம். அப்புறமும் சேரலன்னா எண்ணுறத வேற கையில குடுப்பம்” என்றார்.

நாற்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் யாரும் மறுபடி எண்ணச் சொன்னதுகூடக் கிடையாது. அவளுக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான்; அவள் சொன்னால் சொன்னதுதான் என்ற பேர். அவள் நோட்டைப் பிரித்து நின்ற இடத்திலேயே நின்று, யாரையும் பார்க்காமல், “நாளைக்கு இருபத்திமூணு வரும்” என்றாள்.

அது அவளுக்குத் தெரிந்தது இப்படி. பதின்மூன்று வந்த திங்கட்கிழமை, கயிற்றின் முழுப் பாகங்களும் மீனின் எண்ணிக்கையும் தினமும் ஒன்றாக இருப்பதைக் கண்டவள், அப்படியானால் முழுப் பாகத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் எதற்கு என்று யோசித்தாள். அன்றைய மிச்சம் முப்பதரை விரல். அந்த அளவுக்கு ஓர் ஓலை நறுக்கி, மணலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதின்மூன்று தடவை வைத்தாள். நாலு பாகமும் பன்னிரண்டரை விரலும் வந்தது. பதின்மூன்றும் நாலும் பதினேழு. மறுநாள் கயிறு பதினேழு பாகமும் பன்னிரண்டரை விரலும் இருந்தது. அன்றைய மிச்சத்தை அன்றைய எண்ணிக்கை அளவுக்கு அடுக்கினால், அதில் கிடைக்கும் முழுப் பாகங்கள்தான் மறுநாள் கூடுகிறவை. அதற்கும் மேல் மிஞ்சுவதே மறுநாளின் மிச்சம். அவள் பழைய நாட்களையும் அப்படியே அடுக்கிப் பார்த்தாள். மூன்றுக்குள் ஐந்து இருந்தது, ஐந்துக்குள் ஏழு இருந்தது, ஏழுக்குள் பதினொன்று இருந்தது. முதல் நாள் ஒதுங்கிய துண்டுக்குள்ளேயே எல்லா நாளும் சுருண்டு கிடந்திருக்கிறது என்று தோன்றியபோது அவள் அந்த ஓலையை நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

வியாழக்கிழமை இருபத்துமூன்றுதான் வந்தது.

“எண்ணுறவளே சொன்னா எண்ணிக்கை சொன்னபடிதான் வரும்” என்றான் ரெமிஜியுஸ். “நாளைக்கு வேற ஆள் எண்ணட்டும். சொல்லு பெரியம்ம, நாளைக்கு எத்தன?”

“இருபத்தொம்பது.”

அவன் அவளுடைய வித்தையை ஒளிந்திருந்து பார்த்திருந்தான். அதனால் சுவருக்குப் போய்க் கயிற்றைத் தானே அளந்தான். இருபத்துமூன்று பாகம், இருபத்தைந்து விரல். இருபத்துமூன்று இருபத்தைந்து ஐந்நூற்றெழுபத்தைந்து. ஆறு பாகத்துக்கு ஐந்நூற்றெழுபத்தாறு விரல் வேண்டும். ஒரு விரல் குறைகிறது. ஆகவே கூடுவது ஐந்துதான். “இருபத்தெட்டு!” என்று அவன் கோயில் படியில் ஏறி நின்று கத்தினான். “நாலு வரிசை, வரிசைக்கு ஏழு!”

கித்தேரி சட்டத்தின் மேல் குனிந்து, இருபத்தைந்தாவது கோட்டுக்கும் கயிற்று முனைக்கும் நடுவே நெல்லை அகலவாக்கில் ஒட்டி ஒட்டி வைத்தாள். விரலுக்கு எட்டு நெல். கிட்டத்தட்ட மூன்று நெல் கொண்டது.

“மூணு நெல்லுக்கா பெரியம்ம இந்தப் பாடு?”

“மூணு நெல்லையும் இருபத்திமூணு தடவ வைக்கணும்லா. அறுபத்தொம்பது நெல். எட்டு விரலுக்கு மேல ஆவுது. ஒனக்கு ஒரு விரல்தான கொறையுது.” அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதைக் கேட்டு சலேத்தம்மாள் வாயில் கைவைத்தாள்.

ஆனால் ஊருக்கு இருபத்தெட்டு வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் நாலு தெருவிலும் புளி ஊறியது, நாலு தெருவிலும் தேங்காய் துருவியாகிவிட்டது, மணலில் நாலு நேர்கோடு கிழித்து வைத்திருந்தார்கள். வலை ஏறியது. ரெமிஜியுஸ் மடியைப் பிடித்துக்கொள்ள, சலேத்தம்மாள் ஒவ்வொரு பாரையாக எடுத்துப் போட்டு எண்ணினாள். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று, இருபத்தெட்டு. நாலு கோடும் நிறைந்தது. கரை முழுக்கக் குலவைபோல் ஒரு சத்தம் எழுந்தது. கித்தேரி நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் கடலைப் பார்த்து நின்றாள்.

மடியின் மூலையை ரெமிஜியுஸ் கையால் மூடிப் பிடித்திருந்தான். அவன் சிரிக்கவில்லை.

“மருமவனே” என்றாள் சலேத்தம்மாள், “கையில என்னலே துடிக்குது?”

அவன் அலையைத் திரும்பிப் பார்த்தான். அப்படியே இரண்டு எட்டு பின்னால் வைத்திருந்தால் அலை அதை வாங்கிக்கொண்டு போயிருக்கும். பிறகு கையை எடுத்தான். இருபத்தொன்பதாவது பாரை வழுக்கி மணலில் விழுந்து, நாலு வரிசைக்கும் அப்பால் கிடந்து வாலை அடித்தது.

சம்மாட்டி தொப்பியைக் கழற்றினார். “கித்தேரி, நாளைக்கு நீயே எண்ணு” என்றார்.

அந்த நாலு தெருப் புளிக்கும் ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. சலேத்தம்மாள்தான், “வரிசையத் தூக்கிக் கடல்ல போடுங்க. ஊருல அறுவத்திரண்டு வீடு. மொத வீட்டுலருந்து வீட்டுக்கு ஒண்ணாக் குடுத்துட்டுப் போவம். எங்கன தீருதோ, நாளைக்கு அதுக்கு அடுத்த வீட்டுலருந்து தொடங்குவம். மிஞ்சுறதுன்னு ஒண்ணு இருந்தாத்தான சண்ட?” என்றாள். அன்று இருபத்தொன்பதாவது வீட்டில் மீன் தீர்ந்தது. சனிக்கிழமை முப்பதாவது வீட்டிலிருந்து தொடங்கி முப்பத்தொரு மீன் அறுபதாவது வீட்டில் தீர்ந்தது. இப்படியே அது ஊரைச் சுற்றத் தொடங்கியது. நாளைக்கு எந்த வீட்டில் தீரும் என்று மாலையில் கித்தேரியிடம் கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி பெண்ணழைப்புக்கும் ஞானஸ்நான விருந்துக்கும் நாள் குறித்தார்கள். வரிசை போடுவதில் கெட்டிக்காரராக இருந்தவர்கள் சுற்று நடப்பதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். இரண்டு வாரத்தில், அதற்கு முன்னால் மீனை வேறு எப்படிப் பங்கு வைத்தோம் என்பதே சிலருக்கு மறந்துவிட்டது.

ரெமிஜியுஸ் மட்டும் மறக்கவில்லை. தோற்றது தான் அல்ல, அந்தக் கயிறுதான் கோளாறு என்று அவன் நினைத்தான். இருபத்தொன்பது விழுந்த அந்த வெள்ளிக்கிழமை மாலையே கித்தேரியின் நோட்டில் முதல் நாள் கணக்கைப் பார்த்து, தேங்காய் நாரில் இறுக்கமாக ஒரு கயிறு திரித்து, இரண்டு பாகம் எண்பத்தெட்டு விரலில் கத்தி வைத்தான்.

“சொச்சம்னு எழுதிருக்கனே” என்றாள் கித்தேரி.

“சொச்சம்தான பெரியம்ம இவ்வளவு கூத்துக்கும் காரணம்? எனக்கு அது வேண்டாம்.”

தென்கரையில் அவனுடைய தகப்பன் வலை சும்மா கிடந்தது. அதன் மடியில் அதைக் கட்டினான். அந்தக் கயிறும் வளர்ந்தது. அதைப் பற்றியும் யாரும் ஆச்சரியப்படவில்லை. சனிக்கிழமை இரண்டு, திங்கட்கிழமை மூன்று, பிறகு ஐந்து, பிறகு ஏழு. மூத்த கயிற்றின் காலடியிலேயே கால் வைத்து வந்தது. வியாழக்கிழமை பதினொன்று வர வேண்டிய இடத்தில் பத்து வந்தது. இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து! தென்கரையில் வெடி போட்டார்கள். வெள்ளிக்கிழமை பதினைந்து, மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. அதே வெள்ளிக்கிழமை சம்மாட்டியின் வலை இழுக்கும் வடகரையில் ஐம்பத்துமூன்று வந்தது. ஆனாலும் வரிசையின் அழகை நினைத்து ஏங்கியிருந்த பதினேழு வீட்டார் ரெமிஜியுஸ் பக்கம் போய்விட்டார்கள். வடகரைச் சுற்று நாற்பத்தைந்து வீடாகக் குறைந்தது.

சனிக்கிழமையும் அவன் வலையில் பதினைந்து. திங்கட்கிழமை பதினைந்து. செவ்வாய்க்கிழமை பதினைந்து.

இதற்கிடையே வடகரைக் கயிற்றைப் பார்க்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஓய்வுபெற்ற நில அளவைக்காரர் ஒருவர் மூன்று நாள் தங்கி, முதல் நாள் அளவுக்கு ஒரு நூல் வெட்டி வைத்துக்கொண்டு, அதைப் பக்கமாக வைத்துச் சதுரம் போட்டார், சதுரத்தின் மேல் சதுரம் அடுக்கினார், மடித்தார், கூட்டினார், கழித்தார். எங்கேயாவது ஓர் இடத்தில் அது குறைவில்லாத முழு எண்ணாக வந்து உட்காரும் என்று பார்த்தார். உட்காரவில்லை. “உக்காரவே உக்காராதா ஐயா?” என்று கித்தேரி ஆவலோடு கேட்டாள். அவர் யோசித்து, “உக்காரும்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்லம்மா. உக்காராதுன்னு சொல்லவும் ஆதாரம் இல்ல” என்றார். அந்தப் பதில் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மிச்சம் மட்டும் சிறுத்துக்கொண்டே வந்தது. நூற்றொன்று வந்த நாளில் இரண்டு விரல்தான் இருந்தது. நூற்றுப்பதின்மூன்றில் திடீரென்று பன்னிரண்டு விரலாகப் பெருத்து மறுநாள் நூற்றிருபத்தேழைக் கொண்டுவந்தது. பிறகு மறுபடியும் சிறுத்தது. நூற்றுத்தொண்ணூற்றேழு வந்த வியாழக்கிழமை, ஒரே ஒரு விரல்.

“தீந்திருமா கித்தேரி?” என்று சம்மாட்டி கேட்டார். “மிச்சம் இல்லன்னா அவன் கயிறு மாதிரி நின்னுபோவும்லா?”

“நிக்கும். ஆனா இது நிக்காதுன்னுதான் எனக்குத் தோணுது சம்மாட்டி. அவன் கயிற முழு விரலா வெட்டுனான். முழு விரல எத்தன தடவ அடுக்குனாலும் முழு விரலாத்தான் வரும். அதுல மிச்சம் ஒரு விரலாவது இருக்கணும், இல்லன்னா ஒண்ணுமே இருக்கக் கூடாது. நடுவுல அதுக்கு எடம் கெடையாது. நம்ம கயிறு ஒரு விரலுக்குக் கீழ போய்ட்டும் உசுரோட இருந்துச்சின்னா, அது விரலால ஆனதில்ல.”

“பெறகு? நெல்லால ஆனதா?”

“நெல்லுக்கும் கீழ ஒரு நாள் போவும். எண்ணிக்க பெருசாவப் பெருசாவ, அடுத்த எண்ணு கிட்டத்துலயே இருந்தா, மிச்சம் சின்னதாத்தான ஆவணும்? அப்ப நெல்லாலயும் ஆனதில்ல.”

“அப்ப எதாலதான் ஆனது?”

“தெரியல” என்றாள் கித்தேரி. கணக்கில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சம்மாட்டி அவள் முகத்தைப் பார்த்தார். அதில் வருத்தம் எதுவும் இல்லை.

கயிறு வந்து சரியாக எட்டு வாரம் ஆன செவ்வாய்க்கிழமை, இருநூற்றிருபத்தேழு பாகத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த மிச்சம் ஏழு நெல்லுக்குக்கூடச் சற்றுக் குறைவாக இருந்தது. ஒரு விரல் இல்லை. ஆனாலும் ஒன்றுமில்லாமலும் இல்லை. அவள் மறுநாளைக்கு இருநூற்றிருபத்தொன்பது என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, சுவர் ஓரத்தில் ரெமிஜியுஸ் நின்றுகொண்டிருந்தான்.

“பெரியம்ம, ஒரு வார்த்த.”

“சொல்லு.”

“ஒரு எட்டு தென்கரைக்கு வந்து எண்ணித் தரணும்.” அவன் மணலைப் பார்த்துச் சொன்னான். “அஞ்சு வாரத்துக்கு மேலாப் பதினஞ்சு. நான் எண்ணாமலே பதினஞ்சுன்னு சொல்லுதேனாம். ‘கூட வாறத எங்கலே ஒளிச்சு வைக்க’ன்னு என் சொந்த மாமன் மவன் கேக்கான். நீ எண்ணிச் சொன்னா நம்புவானுவ.”

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு அவனோடு போனாள். தென்கரையில் எல்லோரும் கைகட்டி நின்றார்கள். பதினைந்துதான் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் மடியை உதறச் சொல்லி, ஒவ்வொரு மீனையும் தொட்டு, ஒன்று என்று தொடங்கிப் பதினைந்தில் நிறுத்தி, மடியின் நாலு மூலையையும் கைவிட்டுப் பார்த்துவிட்டு, “பதினஞ்சு. இவன் சொன்னது சரி” என்றாள். அவர்கள் கையை அவிழ்த்துக்கொண்டு மீனை எடுத்துக்கொண்டு கலைந்துபோனார்கள். அவன் கயிற்றையும் கோயில் சுவருக்குக் கொண்டுவந்து அளந்தாள். பதினைந்து பாகம், முனை ஆணியில் போய்த் தொட்டு நின்றது, ஒரு நெல்லின் உமிகூட வெளியே இல்லை.

“நீ அளந்து வெட்டிக் குடு பெரியம்ம” என்றான் அவன். “ஒன் கை தப்பாது.”

“நான் வெட்டுனாலும் கெட்டுப்போவும்லே. நான் நெல்லுலதான வெட்டுவேன். ஒன்னுது மாதிரி அஞ்சாவது நாளே தப்புமோ, இன்னுங் கொஞ்சம் தள்ளித் தப்புமோ.”

“எங்கன தப்பும்?”

அந்தக் கேள்வியைக் கித்தேரி இதுவரை தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. சரியாக வருவதையே வாழ்நாள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், தப்பப்போகிற ஒன்று எந்த நாளில், எந்த எண்ணில் தப்பும், அதன்பிறகு அது எங்கே போகும் என்று முதல்முறையாக நினைத்தபோது, அவள் கை தானாகப் போய் நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்தது. எண்பத்தெட்டு விரல், சொச்சம். அந்தச் சொச்சம் இரண்டு நெல்லுக்கு மேல் இருந்தது, மூன்றுக்குக் குறைவாக இருந்தது என்பது அவளுக்கு இப்போதும் நன்றாக ஞாபகம் இருந்தது.

“நார் இருக்கா?” என்று கேட்டாள்.

“ஒரு கட்டு கெடக்கு.” அவன் ஓடிப்போய் அதைத் தூக்கிவந்து அவள் முன்னால் போட்டுவிட்டு, கத்தியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். “எத்தன வைக்கட்டும் பெரியம்ம, ரெண்டு நெல்லா மூணு நெல்லா?”

“ரெண்டும் வெட்டுவோம்” என்றாள் கித்தேரி.